சைக்கிளில் விழுந்தவருக்கு வந்த மறுப்புக் கடிதம்

டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இல்லை இது. ஆனால் புரியாத விஷயமும் இல்லை. நிதானமாகப் பார்த்தால் யாருக்கும் பிடிபடும்.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். விடியற்காலையில் சைக்கிளில் போய்த்தான் பால் வாங்குவார். மழை பெய்து ரோட்டில் குழி எது, தண்ணீர் எது என்று தெரியாத ஒரு காலையில் முன்சக்கரம் குழியில் இறங்கி, ஆள் தலைகுப்புற விழுந்துவிட்டார். புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம். கொஞ்ச நேரம் நினைவு இல்லை. ஆட்டோவில் ஏற்றும்போது வாந்தி எடுத்தார். மருத்துவமனையில் தையல் போட்டு, தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, இரண்டு நாள் அப்சர்வேஷனில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை. வீட்டில் எல்லோரும் சாமிக்கு நன்றி சொன்னது அதற்காகத்தான்.

மூன்று வாரம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அவரை மருத்துவமனையில் சேர்த்தது பரிசோதனைக்காகவும் கண்காணிப்புக்காகவும் மட்டுமே, ஆகவே பாலிசியின் 4-ஆம் எண் விலக்கின்படி கிளைம் நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு தவணைகூட விடாமல் பிரீமியம் கட்டியவர் அவர். "ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது என் குற்றமா?" என்று கேட்டார். கேள்வியில் இருக்கும் நியாயம் எல்லோருக்கும் புரிகிறது. அதைக் கம்பெனிக்குப் புரியவைக்க ஒரு முறை இருக்கிறது. அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இது: மறுப்புக் கடிதம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அந்தக் கம்பெனிக்கு இல்லை. வாதம் என்றால் அதற்குக் காரணம் வேண்டும், காரணத்துக்கு ஆதாரம் வேண்டும். கடிதத்தில் எந்தக் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்களோ, அதற்கு மட்டும், காகிதத்தோடு, கெடுவுக்குள் பதில் சொல்லுங்கள். முழு வேலையும் இவ்வளவுதான்.

கடிதத்தில் ஒரு எண் இருக்கும்

வெறுமனே "பாலிசி விதிகளின்படி ஏற்க இயலாது" என்று எழுதிக் கைகழுவ கம்பெனிக்கு உரிமை இல்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே 29 அன்று மருத்துவக் காப்பீட்டுக்கென ஒரு தொகுப்புச் சுற்றறிக்கை வெளியிட்டது. எந்த ஷரத்தின் கீழ் மறுக்கிறோம் என்பதைக் குறிப்பிட்டே மறுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கூடவே இன்னொரு கட்டளையும் உண்டு: கம்பெனிக்குள் இருக்கும் மூவர் கொண்ட கிளைம் மறுஆய்வுக் குழு போன்ற ஓர் அமைப்பு ஒப்புக்கொள்ளாமல் எந்தக் கிளைமையும் நிராகரிக்கக் கூடாது. உங்கள் பதில் கடிதத்தில், "இந்த நிராகரிப்புக்கு அந்தக் குழு ஒப்புதல் தந்ததா? எந்தத் தேதியில்?" என்று ஒரு வரி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைப் பிறகு வழக்கு நடக்கும்போது கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறது. அதனால் அந்தக் கடிதம் உங்களுக்கும் உதவி செய்கிறது. எல்லையை அவர்களே கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். மெடிக்ளைம் பாலிசிகளின் பொதுவான விலக்குகளை 2019-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரே வாசகத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தது. கம்பெனி எதுவானாலும் இந்த எண்களும் வாசகமும் ஒன்றுதான். சைக்கிளில் விழுந்தவர்கள் அடிக்கடி சந்திக்கிற எண்களை மட்டும் பார்ப்போம்.

எண் 3, முதல் 30 நாள் காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று மறுத்திருந்தால், அந்த வாசகத்தை முழுதாகப் படியுங்கள். விபத்தால் வரும் செலவுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

எண் 8, அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரி. முகத்தில் கிழிந்ததைச் சீராக்கிய செலவை இதில் தள்ளப் பார்ப்பார்கள். விபத்துக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு அந்த ஷரத்திலேயே விதிவிலக்கு உண்டு.

எண் 9, ஆபத்தான சாகச விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு கிளப் ரைடு போனவருக்கு இப்படி ஒரு மறுப்பு வரலாம். அந்த வாசகத்தின் உயிர், தொழில்முறையாகப் பங்கேற்பவருக்கு மட்டும் என்பதில் இருக்கிறது. அங்கே பட்டியலிட்டிருப்பதும் மலையேற்றம், மோட்டார் பந்தயம், ஸ்கை டைவிங் போன்றவை. ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு உடம்புக்காக சைக்கிள் மிதிப்பவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்.

எண் 10, சட்டமீறல். தவறான பக்கத்தில் வந்தார், சிக்னலை மதிக்கவில்லை என்பார்கள். ஷரத்து சொல்வது குற்ற நோக்கத்தோடு செய்த சட்டமீறலை. ஹெல்மெட் போடவில்லை என்ற பேச்சு வந்தாலும் கலங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியிருப்பது மோட்டார் சைக்கிளுக்கு. மிதிக்கிற சைக்கிளுக்கு லைசென்ஸும் தேவையில்லை. ஹெல்மெட் போடுங்கள், உயிருக்கு நல்லது. ஆனால் போடாதது கிளைமை மறுக்க ஒரு சட்டமீறல் ஆகாது.

எண் 12, மது. கேஸ் ஷீட்டில் யாராவது "வாயில் மது வாடை" என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். அதை வைத்தே மறுத்திருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். ரத்தப் பரிசோதனை செய்தார்களா? விழுந்ததற்கு அந்த மதுதான் காரணம் என்று எந்த ஆவணம் சொல்கிறது? ஒரு விலக்கைக் காட்டி மறுக்கும் கம்பெனிதான் அந்த விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும்.

இன்னொன்று எண் இல்லாமல் வரும். "உங்களுக்கு பி.பி. இருந்ததைச் சொல்லவில்லை." கையை உடைத்துக்கொண்டு போனவரின் கேஸ் ஷீட்டில் பி.பி. மாத்திரை சாப்பிடுவதாக ஒரு வரி இருந்தால், அதைப் பிடித்துக்கொள்வார்கள். பாலிசியை இடைவெளி இல்லாமல் 60 மாதம் புதுப்பித்திருந்தால் இந்த வாதம் எடுபடாது. அதற்குப் பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, சொல்லவில்லை மறைத்தீர்கள் என்று மறுக்க முடியாது. 2024-க்கு முன்பு இது 8 வருடமாக இருந்தது, இப்போது 5 வருடம்.

கேஸ் ஷீட்டில் ஒரு நர்ஸின் கையெழுத்து

ஆசிரியரின் கடிதத்துக்கு வருவோம். எண் 4 சொல்வது, முதன்மையாகப் பரிசோதனைக்காக மட்டுமே சேர்த்திருந்தால் பணம் இல்லை என்பது. அப்படியானால் நாம் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த இரண்டு நாளும் அங்கே சிகிச்சை நடந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரி இதற்குப் போதாது. அதில் இருந்தது ஐந்தாறு வரி: தலைக்காயம், சி.டி. நார்மல், கண்காணிக்கப்பட்டார், நலமாக அனுப்பப்பட்டார். அந்த "நார்மல்" என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துத்தான் கம்பெனி மறுத்தது. உண்மை முழுவதும் வேறொரு காகிதக் கட்டில் இருந்தது, உள்நோயாளி கேஸ் ஷீட்டில். மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கேட்டால் அதன் நகலைத் தர வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறை. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வாயால் கேட்டு அலையாதீர்கள். வெள்ளைத் தாளில் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டை ஆசிரியர் வீட்டு மேஜையில் பிரித்துப் பார்த்தோம். நடுவில் கட்டம் போட்ட ஒரு தாள். இடது ஓரத்தில் நேரம். எதிரே நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, இரண்டு கண்மணிகளின் அளவு, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்ற குறிப்பு, நினைவுநிலைக்கு 15-க்கு எத்தனை என்ற மதிப்பெண். வந்து சேர்ந்தபோது 14. அடுத்த நாள் காலையில்தான் 15. ராத்திரி முழுக்க மணிக்கு ஒரு தடவை ஒரு நர்ஸ் எழுப்பி, பெயர் கேட்டு, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்னொரு தாளில் நரம்பு வழியாக ஏற்றிய மருந்துகள், ஏற்றிய நேரத்தோடு. மற்றொன்றில் தையல் போட்ட குறிப்பு.

தலையில் அடிபட்டு நினைவு தப்பிய வயதானவருக்கு, முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து ரத்தம் கசியலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த ஆபத்து கூடுதல். ஆசிரியர் இதயத்துக்காக அப்படி ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த நர்ஸ் எழுதிய தாளே அவருக்குக் கிடைத்த சிகிச்சை. வீட்டில் படுக்க வைத்து இதைச் செய்ய முடியாது.

சிகிச்சை தந்த டாக்டரிடம் அரைப் பக்கக் கடிதம் ஒன்று கேட்டோம். நினைவு தப்பியது, வாந்தி, வயது, மாத்திரை, இவற்றால் உள்நோயாளியாகச் சேர்ப்பது மருத்துவரீதியாகத் தேவைப்பட்டது என்று எழுதிக் கொடுத்தார். தயங்காமல் கேளுங்கள். நோயாளியைச் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் அவர்தான். அந்த முடிவை எழுத்தில் சொல்வது அவருக்கும் கௌரவம்.

பிறகு ஆசிரியரே பதில் எழுதினார். ஒன்றரைப் பக்கம். பாலிசி எண், கிளைம் எண், மறுப்புக் கடிதத்தின் தேதி. "உங்கள் காரணம் இது" என்று ஒரு பத்தி. "ஷரத்தின் வாசகம் இது, அதில் 'முதன்மையாக', 'மட்டுமே' என்ற சொற்கள் உள்ளன" என்று ஒரு பத்தி. "நடந்தது இது" என்று நேரவாரியாக, ஒவ்வொரு வரிக்கும் எந்த இணைப்பு, எந்தப் பக்கம் என்ற குறிப்போடு. கடைசியில் எவ்வளவு தொகை வேண்டும் என்று. கோபமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. படிக்கிற அதிகாரி மனம் மாற வேண்டுமானால், அவர் தன் மேலதிகாரியிடம் காட்டத் தோதான ஒரு காகிதம் அவர் கையில் இருக்க வேண்டும். அதை நாம்தான் தயார்செய்து கொடுக்க வேண்டும். மறுபரிசீலனையில் அந்தக் கிளைமை ஏற்றுக்கொண்டார்கள்.

போலீஸ் காகிதம், தாமதம், பிடித்தம்

தானாக விழுந்தவரிடம் எஃப்.ஐ.ஆர். எங்கே என்று கேட்பார்கள். மோதிய ஆளே இல்லாதபோது யார் மேல் வழக்குப் போடுவது? மருத்துவமனையில் பதிவான விபத்துப் பதிவேட்டின் நகல், நம் ஊரில் ஏ.ஆர். காப்பி என்பார்களே, அதைக் கொடுங்கள். முடிந்தால் காவல் நிலையத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். எப்படி விழுந்தார் என்பதை அவசரப் பிரிவில் முதலில் சொல்பவர் சரியாகச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் "பைக் மோதியது" என்று ஒருவரும் "வழுக்கி விழுந்தார்" என்று இன்னொருவரும் சொன்னால், அந்த முரண்பாடே பிறகு மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

தாமதமாகத் தெரிவித்தீர்கள் என்றும் மறுப்பார்கள். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், உண்மையான கிளைமைத் தாமதத்தை மட்டும் காட்டித் தள்ளக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டது. உச்ச நீதிமன்றமும் 2017-இல் ஓம் பிரகாஷ் வழக்கில் இதையே சொன்னது. நினைவில்லாமல் படுத்திருந்தவர் 24 மணி நேரத்துக்குள் போன் செய்யவில்லை என்பது ஒரு குறை ஆகாது.

முழுதாக மறுக்காமல் பாதியைப் பிடித்துக்கொண்டு தருவதும் மறுப்புதான். பாலிசி அனுமதித்ததைவிட அதிக வாடகை ரூமில் தங்கினால், அந்த விகிதத்தில் மற்றச் செலவுகளையும் குறைப்பார்கள். ஆனால் மருந்து, உடலுக்குள் வைக்கும் பிளேட், ஸ்குரூ, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு செய்யக் கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் கூடாது. எலும்பு முறிந்து பிளேட் வைத்தவர்கள் செட்டில்மென்ட் தாளை வரிவரியாகப் பாருங்கள். பெரிய தொகை அங்கேதான் போயிருக்கும்.

கம்பெனி கேட்கவில்லை என்றால்

படி ஏறத்தான் வேண்டும். முதல் படி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி. அவருடைய மின்னஞ்சல் பாலிசியிலேயே இருக்கும். ஸ்பீட் போஸ்டிலும் ஒரு நகல் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். 155255 என்ற இலவச எண்ணிலும் பதியலாம். ஆணையம் உங்களுக்காகத் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் புகார் அதன் கண்ணில் படுவதால் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், இரண்டாவது படி இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அந்த அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் முடியாது. நீங்களே பேசலாம். மனுவை இணையத்தில் போடலாம், விசாரணை வீடியோ வழியாகவும் நடக்கும். 50 லட்சம் ரூபாய் வரை வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. தேவையான காகிதங்கள் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

கெடு ஒன்று உண்டு. கம்பெனி இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஆம்பட்ஸ்மேனிடம் போய்விட வேண்டும். மூன்றாவது படியான மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இரண்டு வருடம். அங்கே வரம்பைக் கணக்கிடுவது நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான். அது 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தை ஆம்பட்ஸ்மேனிடம் கொண்டுபோக முடியாது என்பதால், செலவில்லாத படியை முதலில் ஏறுவதே நல்லது.

வண்டி மோதியிருந்தால்

இதுவரை பேசியது உங்கள் சொந்தப் பாலிசி பற்றி. ஒரு காரோ பைக்கோ மோதியிருந்தால் இன்னொரு வழியும் திறக்கிறது. சைக்கிளில் போனவர் மூன்றாம் தரப்பு. மோதிய வண்டிக்கு மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் கட்டாயம். அந்தக் கம்பெனி, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று சொல்லி ஒதுங்கப் பார்க்கலாம். அப்படிப்பட்ட வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட 166-ஆம் பிரிவு இப்போது வைத்திருக்கும் கெடு ஆறு மாதம். இதற்கு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். அசல் பில்கள் மெடிக்ளைம் கம்பெனிக்குப் போய்விட்டால், சான்றிட்ட நகல்களை முன்பே எடுத்து வைத்திருங்கள்.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால், அதற்கும் தனித் திட்டம் இருக்கிறது: படுகாயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம். தமிழ்நாட்டில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மெடிக்ளைம் இல்லாமல் சைக்கிள் மிதிப்பவர்கள்தான் நம் ரோடுகளில் அதிகம். பால்காரர், பூக்காரர், மில்லுக்குப் போகிறவர். அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, வங்கிக் கணக்கு வழியாக வருடம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதமரின் சுரக்‌ஷா பீமா யோஜனாவில் சேருங்கள் என்று. 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் உயிர் போனாலோ, இரண்டு கண், இரண்டு கை என்று முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ போனால் 1 லட்சம். சேர்ந்தவருடைய வீட்டாருக்கே அது தெரியாமல் போவதுதான் வேதனை. பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் வரியை ஒரு தடவை வீட்டில் காட்டி வையுங்கள்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு மறுப்புக் கடிதத்துக்குப் பின்னாலும் சிறுகச் சிறுகக் கட்டிய பிரீமியம் இருக்கிறது. அது யாரும் இரக்கப்பட்டுத் தருகிற பணம் இல்லை. ஒப்பந்தப்படி வர வேண்டிய பணம். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு கடிதம் கிடந்தால், இன்றைக்கே எடுத்து அதில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: அவர்கள் சொன்ன ஷரத்தின் எண், கடிதத்தின் தேதி. தேதியிலிருந்து ஒரு வருடம் தாண்டவில்லை என்றால், நாளைக்குக் காலையில் மருத்துவமனைக்குப் போய் கேஸ் ஷீட் நகலுக்கு எழுதிக் கொடுங்கள்.